மாலை போடாத படம்

மக்கா, உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பெரியவள் முதலில் படித்துவிட்டுத் தம்பியிடம் கொடு. புரியாத இடம் வந்தால் என்னிடமே வந்து கேளுங்கள். அப்பா பத்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பில்லும், படத்துக்குக் கீழே போடுகிற இரண்டு வரியும்தான். பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசிவரை படியுங்கள்.

போன மாதம் பரீட்சைக்குப் படிக்கும்போது நீ ஒரு பாடத்தைச் சத்தமாக வாசித்தாய் மகளே. ஒரு நாட்டில் ஓர் இனத்தாரைக் கணக்கெடுத்து, தனியே பிரித்து, ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொன்றார்கள் என்று அதில் இருந்தது. வாசித்து முடித்து, "எப்பா, இதெல்லாம் அந்தக் காலத்துல நடந்ததுதான? இப்ப அப்படில்லாம் நடக்காதுல்லா?" என்று கேட்டாய். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "ஆமா மக்கா, நடக்காது. அடுத்ததைப் படி" என்றேன்.

அது பொய். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையை எதற்குக் கலங்க வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்குத்தான் மனது ஆறவில்லை. ஏனென்றால் அப்படிப்பட்ட ஒரு காரியம் நடந்த இடத்திலிருந்து வந்த ஒரு அம்மா, போன வருடம் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை, நம் கடை வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நான் அவருக்குச் செய்த தவறைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நம் கடையில் நான் என்ன செய்கிறேன் என்று உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கல்யாணப் படம், சாமி படம், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் உண்டு. ஆனால் பாதி வேலை இறந்தவர்களுக்கானது. ஒருவர் தவறிவிட்டால், பதினாறாம் நாளுக்குள் வீட்டில் படம் மாட்ட வேண்டும். நிறைய வீடுகளில் தனிப்படம் இருக்காது. ஏதாவது ஒரு விசேஷத்தில் கூட்டத்தோடு நின்ற படத்தைக் கொண்டுவந்து, "இதுல இவரை மட்டும் தனியா எடுத்துப் பெருசாக்கணும்" என்பார்கள். நான் அந்த முகத்தைக் கம்ப்யூட்டரில் வெட்டி எடுப்பேன். மரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு எல்லாவற்றையும் துடைப்பேன். நிறத்தைக் கொஞ்சம் தூக்குவேன். பனியனோடு நின்றவருக்கு வெள்ளைச் சட்டை, ஆசைப்பட்டால் கோட்டு. பின்னால் வானநீலம். பிறகு சந்தன மாலை, பிரேமுக்கு மேலே ஒரு சின்ன மின்விளக்கு. கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு வரி. தேதியை முதலில் கேட்க மாட்டேன். துக்கத்தில் வந்திருப்பவர்களிடம் அதை உடனே கேட்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் ஒரு முறை. இடம் விட்டு வைத்து, படம் வாங்க வரும்போது கேட்டு நிரப்பிக் கொடுப்பேன். இருபது வருடமாக இதே வேலை. கை தானாகச் செய்துவிடும்.

அந்த அம்மா முதலில் வந்தது வியாழக்கிழமை. அறுபதைத் தாண்டிய வயது. சாயம் போன கத்தரிப்பூக் கலர் சேலை, கையில் ஒரு மஞ்சள் பை. ஒரு பஸ் ஏறி இறங்கினால் வருகிற இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பதாகச் சொன்னார். பைக்குள் இருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ஒரு கல்யாணப் படம். அவருடைய மகள் கல்யாணமாம். உறையும் படமும் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

"தம்பி, இதில பின்னுக்கு நிக்கிற இவனை மட்டும் தனியா எடுத்துப் பெருசாக்கித் தர ஏலுமோ?" என்றார். "என்ர மகன். கையில பிடிச்சா, தூரத்தில நிக்கிறவைக்கும் முகம் தெரிய வேணும்."

செத்தவர் படத்தை யாரும் கையில் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். அந்தப் பேச்சிலேயே நான் யோசித்திருக்க வேண்டும். தபசுக் கூட்டம் வேறு, வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள். "செஞ்சிருதேன் அம்மா, சனிக்கிழமை வாங்க" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் முகாமிலிருந்து ஒருவர் இலங்கைக்குப் புறப்படுகிறார், அவர் கையில் இந்தப் பழைய படத்தையும் பெரிய படத்தையும் கொடுத்தனுப்ப வேண்டும், அங்கே இருக்கிற மகளுக்குத் திங்கட்கிழமை அது தேவை என்று சொன்னார். போனில் எடுத்து அனுப்பிப் பார்த்தார்களாம். பிளாஸ்டிக்கின் பளபளப்பில் பையன் முகம் வெள்ளைப் பொட்டாகத்தான் தெரிந்ததாம். நான் தலையை ஆட்டினேன். எதற்குத் தேவை என்று கேட்கவில்லை.

உறையோடு வைத்து ஒருமுறை ஸ்கேன் செய்தேன். சுமாராக வந்தது, அங்கங்கே வெளிச்சம் அடித்தது. உறையை உரித்துவிட்டு எடுத்தால் இன்னும் நன்றாக வருமே என்று மெதுவாக உரித்தேன். உரிக்கும்போதே ஒரு மாதிரி சத்தம் வந்தது. பார்த்தால், படத்தில் அந்தப் பையனுடைய முகம் இருந்த இடம் வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. மற்ற எல்லோரும் அப்படியே நிற்கிறார்கள். மணமகள் சிரிக்கிறாள். பின்வரிசையில் ஒரு சட்டை மட்டும் தலையில்லாமல் நிற்கிறது.

கையில் இருந்த பிளாஸ்டிக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேசைக்கு அடியில் போட்டேன். பிறகு, சரி, ஸ்கேன்தான் இருக்கிறதே, பெரிய படத்தை நன்றாகச் செய்து கொடுத்துவிட்டால் பழையதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மக்கா, இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

பயத்தில் அன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாகவே வேலை செய்தேன். பையனுக்குப் பத்தொன்பது, இருபது வயது இருக்கும். இடது புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு நெற்றிப்பொட்டு வரைக்கும் ஒரு தழும்பு. தையல் போட்ட இடம் ஏணிப்படி மாதிரி தெரிந்தது. தழும்பு என்று தெரிந்தேதான் அதை அழித்தேன். அழகான பிள்ளைக்கு இது எதற்கு, தாய் பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். புருவத்தைச் சேர்த்து வரைந்தேன். நீலக் கோட்டு போட்டேன். எப்போதும்போல அதே பைலின் மேலேயே சேமித்தேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். நான் படத்தைச் சுவரில் மாட்டி, விளக்கையும் போட்டு வைத்திருந்தேன். வருகிறவர்கள் வந்ததும் எரிகிற விளக்கோடு பார்த்தால் மனது நிறையும் என்று எப்போதும் அப்படித்தான் வைப்பது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நான் அவன் செத்துப்போனானெண்டு உங்களிட்ட சொன்னனானோ, தம்பி?" என்றார்.

சத்தமே போடவில்லை. கரண்ட் பில் வந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

"இல்ல அம்மா, நீங்க தனியா எடுக்கணும்னு சொன்னீங்கள்லா, அதான்" என்று ஏதோ உளறினேன். உளறிக்கொண்டே போய் விளக்கை அணைத்தேன். அவர் கிட்டத்தில் வந்து கண்ணாடி மேல் விரலை வைத்து, இடது புருவத்தைத் தடவினார்.

"இஞ்ச இருந்த காயம் எங்கை?"

"அதைக் கிளீன் பண்ணிட்டேன் அம்மா."

"அப்ப இது என்ர பிள்ளை இல்லை" என்றார். "இப்பிடி வடிவான பெடியன் ஒருத்தனை எனக்குத் தெரியாது."

பிறகுதான் சொன்னார். மகன் காணாமல் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. அங்கே மகள், காணாமல் போன பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற தாய்மாரோடு, ரோட்டோரத்தில் ஒரு கொட்டகையில் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கிறாள். அவள் கையில் தம்பி படம் இல்லை, வெறும் பெயர் எழுதிய அட்டைதான். திங்கட்கிழமை விசாரணைக்கு அரசாங்க ஆட்கள் வருகிறார்கள். படமும் அடையாளமும் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். இருக்கிற ஒரே படம் இதுதான். ஒரே அடையாளம் அந்தக் காயம்தான். அவனுக்குப் பதினேழு வயதில் ஷெல் சிதறிப் பட்டது.

"பழைய படத்தைத் தாங்கோ தம்பி. அதையெண்டாலும் அனுப்புவம்."

நான் மேசை இழுப்பறையைத் திறந்து அதை எடுத்துக் கொடுத்தேன். வேறு வழி இல்லை. அவர் அந்த வெள்ளை ஓட்டையைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பக்கத்துக் கடைத் தையல்காரரை உங்களுக்குத் தெரியும். கடையநல்லூர்க்காரர், பாய் என்று நாம் கூப்பிடுகிறவர், உங்கள் யூனிபார்ம் தைப்பவர். என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, கழுத்தில் டேப்போடு உள்ளே வந்தார். நான் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன்.

"பழைய பைல் கம்ப்யூட்டர்ல கிடக்கும்லா வே?" என்றார்.

"அது மேலேயே சேவ் பண்ணிட்டேன் பாய்."

"நல்லா பண்ணுனீரு. கையில ரப்பரக் குடுத்தா உலகத்தையே அழிச்சிருவீரு போலிருக்கு."

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். "அம்மா, நீங்க சொல்லச் சொல்ல அந்தக் காயத்தை மறுபடி வரைஞ்சிருதேன்" என்றேன். அவருக்கு வாயால் சொல்ல வரவில்லை. எழுந்து வந்து என் முகத்தைத் திருப்பி, நகத்தால் என் இடது புருவத்தில் கோடு போட்டுக் காட்டினார். இங்கே தொடங்கி, இப்படி வளைந்து, இங்கே முடியும். நான் வரைந்தேன். "இன்னும் மேல" என்றார். மாற்றினேன். "இவ்வளவு நேரா இல்லை, தையல் போட்டவர் டொக்டர் இல்லை, கோணல்" என்றார். கோணலாக்கினேன். அரை மணி நேரம். கடைசியில் அவரே என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"நீங்கள் கீறினது நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அதைப் பார்த்தா, கீறினதெண்டு சொல்லிப்போடுவினம். உங்கட பிள்ளைக்கு நீங்களே காயம் கீறிக்கொண்டு வந்தனீங்களோ எண்டு கேப்பினம். எங்களை நம்பாமல் விடுறதுக்கு அவைக்கு ஒரு சாட்டுக் கிடைச்சால் போதும்."

பாய் கல்யாணப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏ வே," என்றார், "இங்கன இருந்த முகம் காத்துலயா போயிரும்? அந்த பிளாஸ்டிக்குல ஒட்டிட்டுல்லா வந்திருக்கும். அதை எங்க போட்டீரு?"

இருபது வருடத் தொழிலில் எனக்குத் தோன்றாதது, பட்டன் தைக்கிறவருக்குத் தோன்றியது.

மேசைக்கு அடியில் போட்டேன் என்றேனே, அங்கே இருப்பது கண்ணாடிச் சாக்கு. பிரேமுக்கு வெட்டி மிஞ்சுகிற துண்டுகளைக் குப்பையோடு போட்டால், அள்ளுகிறவர்கள் கை கிழிந்துவிடும். அதனால் தனிச் சாக்கில் சேர்த்து, நிறைந்ததும்தான் அனுப்புவது. சாக்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது. வியாழக்கிழமைக்குப் பிறகு தபசு அவசரத்தில் ஏகப்பட்ட பிரேம் போட்டிருந்தேன். எல்லாத் துண்டும் அதன் மேல்.

வாசலில் தார்ப்பாயை விரித்துச் சாக்கைக் கவிழ்த்தோம். உச்சி வெயில். கண்ணாடி எல்லாம் மின்னி, எது பிளாஸ்டிக் எது கண்ணாடி என்றே தெரியவில்லை. பாய் ஊசி குத்தாமல் இருக்கப் போடுகிற தன் தோல் விரலுறை இரண்டைக் கொண்டுவந்து ஒன்றை எனக்குக் கொடுத்தார். அந்த அம்மாவையும் தடுக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெறும் விரலால் ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்து ஓரமாக அடுக்கினார். கோயிலுக்குப் போகிற கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. மாலை கட்டுகிற அண்ணாச்சி ஒருவர் நின்று, "என்ன பாய், வைரம் கிடக்கா?" என்று கேட்டார்.

"கிடக்கு. உமக்குப் பங்கு கிடையாது, போம்" என்றார் பாய்.

தேடிக்கொண்டே அந்த அம்மா பேசினார். யாரும் கேட்கவில்லை, அவராகவே.

"கடைசி நாளையில நாங்கள் கடலோரத்தில இருந்து வெளியில வந்தனாங்கள். வந்த இடத்தில ஆமிக்காரங்கள் ஒலிபெருக்கியில சொன்னவங்கள், இயக்கத்தில ஒரு நாள் இருந்த ஆக்களும் வந்து பதியுங்கோ, பதிஞ்சுபோட்டு விடுறம் எண்டு. இவனை மாசி மாசம்தான் இயக்கக்காரர் பிடிச்சுக்கொண்டு போனவை. ரெண்டு கிழமையில ஓடி வந்திட்டான். அவன் போகமாட்டன் எண்டான். நான்தான், பொய் சொன்னா பிறகு கரைச்சல், போய்ப் பதிஞ்சிட்டு வா எண்டு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டுபோய் விட்டனான். ஒரு பஸ்ஸில ஏத்தினவங்கள். யன்னலால கையைக் காட்டினவன்."

அவர் ஒரு கண்ணாடித் துண்டைத் திருப்பிப் பார்த்து, வைத்தார்.

மக்கா, அவர் சொன்ன அந்தக் கடைசி நாட்கள் எந்த மாதம் தெரியுமா? உங்கள் அம்மாவை நான் பெண் பார்க்கப் போன மாதம். டிவியில் அந்தச் சண்டையைக் காட்டினார்கள். பார்த்தோம். பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அதையும் பார்த்தோம். பிறகு மாப்பிள்ளை வீட்டார் என்று கேசரி சாப்பிட்டோம். அந்தக் காலம், அந்தக் காலம் என்றாயே மகளே. அவ்வளவு பக்கத்துக் காலம்.

பாய் இன்னும் இரண்டு துண்டை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "எங்க வாப்பா சின்ன வயசுல உங்க யாழ்ப்பாணத்துல தையக் கடையிலதான் இருந்தாரு" என்றார். "முதலாளியும் நம்மாளு, முஸ்லிம். தமிழ்தான் பேசுவாரு. அந்தக் குடும்பத்தைப் பிற்பாடு ஊரோட வெளியேத்திட்டாங்க. மெஷின எடுத்துக்கிடுதேன்னு கேட்டாராம். துணி ஒரு பை போதும்னுட்டாங்களாம். அவங்களை வெளியேத்துனது உங்க இயக்கத்துப் பசங்கதான்."

இந்த நேரத்தில் இதை ஏன் இந்த மனுஷன் எடுக்கிறார் என்று அவரைப் பார்த்தேன். அந்த அம்மா தலையைத் தூக்கினார்.

"ஓம். உண்மை" என்றார். "எங்கட அடுத்த வீட்டிலயும் இருந்தவை. பெருநாளுக்குச் சாப்பாடு தந்தனுப்புற சனம். அண்டைக்கு அவை பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு போகேக்க, நாங்கள் கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்கு இருந்தனாங்கள். பயம். ஆனா சாத்தினது சாத்தினதுதான்."

"பயந்தா எல்லாரும் சாத்தத்தான் செய்வாங்க" என்றார் பாய். பிறகு எழுந்து போய் அவருக்கு ஒரு டீ வாங்கி வந்தார். "வெறுங்கையால எடுக்காதீங்கம்மா, இதைப் போடுங்க" என்று தன் விரலுறையைக் கழற்றிக் கொடுத்தார். அது அவர் விரலுக்குப் பெரிதாக இருந்தது. அதைப் பார்த்து அந்த அம்மாவே சிரித்தார். அன்றைக்கு முதல் தடவை.

கண்டுபிடித்தது அவர்தான். எனக்கு விரலில் இரண்டு இடத்தில் வெட்டி, துணி சுற்றிக்கொண்டிருந்தேன். "தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சுருண்டு போன பிளாஸ்டிக் ஒன்று, ஒரு நீளக் கண்ணாடித் துண்டோடு ஒட்டிக் கிடந்தது. வெயிலுக்கு நேராகப் பிடித்தார். சுண்டுவிரல் நகம் அளவு முகம். நடுவில் இரண்டு விரிசல். கன்னத்தில் ஒரு துணுக்கு உதிர்ந்திருந்தது. ஆனால் இடது புருவம் இருந்தது, அதை வெட்டிக்கொண்டு ஏறுகிற அந்தக் கோணல் ஏணியும் இருந்தது.

பாய், "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, டேப்பைக் கழுத்தில் இருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். டேப்பால் யாராவது முகம் துடைப்பார்களா? துடைத்தார்.

அன்றைக்கு நான் செய்த வேலைதான் என் தொழிலிலேயே மிகக் குறைவான வேலை. பிளாஸ்டிக்கைச் சுத்தமான கண்ணாடியில் விரித்து, எவ்வளவு பெரிதாக எடுக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக ஸ்கேன் செய்தேன். மௌசைத் தொடவே பயந்தேன். விரிசல் விரிசலாகவே இருந்தது. உதிர்ந்த இடம் உதிர்ந்த இடமாகவே இருந்தது. பின்னால் வானநீலம் கிடையாது, கோட்டு கிடையாது. முகத்தோடு ஒட்டி வந்திருந்த சட்டைக் காலர் கொஞ்சம் கிழிந்திருந்தது, அதுவும் அப்படியே. முதல் முறையாகப் புதுப் பெயர் கொடுத்து மூன்று இடத்தில் சேமித்தேன்.

கீழே எழுத வேண்டியதை அந்த அம்மாவின் மகள் போனில் அனுப்பினாள். பையன் பெயர், பிறகு "எங்கே?" என்ற ஒரு சொல். தமிழில், இங்கிலீஷில், சிங்களத்தில். சிங்கள எழுத்து எனக்குச் சுழி சுழியாகத் தெரிந்தது. எதை மேலே வைப்பது, எதைக் கீழே வைப்பது என்று தெரியாமல் மகளுக்கே நாலு முறை அனுப்பிச் சரிபார்த்தேன். "சிங்களத்துல எதுக்கும்மா?" என்று கேட்டேன். "அந்தப் பக்கத்திலயும் தாய்மார் இருக்கினம் தம்பி. அவையின்ர பிள்ளையளையும் ஒரு காலத்தில பிடிச்சுக்கொண்டு போனவங்கள். அவை வந்து எங்களோட இருந்தவை. வாசிக்கட்டும்" என்றார்.

பெரிய படத்துக்குப் பிரேம் வேண்டாம் என்றார். லேமினேட் செய்து, பின்னால் ஒரு சட்டம் அடித்துக் கொடுத்தேன், பிடிக்க வசதியாக. கல்யாணப் படத்தில் அந்த ஓட்டைக்கு மேல் பிளாஸ்டிக்கைச் சரியாகப் பொருத்தி ஓரத்தில் ஒட்டினேன். முகம் தன் சட்டைக்கு மேலே போய் உட்கார்ந்தது. நாலரை மணி பஸ்ஸுக்கு நானே கூட்டிக்கொண்டுபோய் ஏற்றிவிட்டேன். கூட்டத்தில் படம் மடங்கிவிடக் கூடாது என்று கண்டக்டரிடம் சொல்ல, அவர் அதை டிரைவருக்குப் பின்னால் நிற்க வைத்தார். பஸ் புறப்படும்போது அந்தப் பையன் எல்லாப் பயணிகளையும் பார்த்தபடி நின்றான்.

புரட்டாசியில் அவர் திரும்ப வந்தார். எனக்குப் பயம்தான், என்ன செய்தி கொண்டுவருகிறாரோ என்று. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நான் சொல்லாமலே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை விசாரணைக்கு வந்தவர்கள் படத்தை வாங்கிக் குறித்துக்கொண்டார்களாம், அவ்வளவுதானாம். ஆனால் அதற்கு அடுத்த வாரம், வேறொரு ஊரிலிருந்து கொட்டகைக்கு வந்த ஒரு பெண், இந்தப் படத்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாளாம். "இந்தப் புருவம் வெட்டுப்பட்ட பெடியனை நான் கண்டனான்" என்றாளாம். தன் மகனைத் தேடிப்போன ஒரு தடுப்பு முகாமில், வேலிக்கு உள்ளே. பஸ்ஸில் ஏற்றி மூன்று மாதத்துக்குப் பிறகு. அவள் மகனுக்குக் காய்ச்சல் என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இவன்தான் வந்து சொன்னானாம், மருந்து வாங்கிப் போய்க் கொடுத்தவனும் இவன்தானாம்.

"மூண்டு மாசம் தம்பி" என்றார் அந்த அம்மா. "பஸ்ஸில ஏத்தின அண்டைக்கே முடிச்சிருப்பாங்கள் எண்டுதான் எல்லாரும் எனக்குச் சொன்னவை. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான் எண்டு எத்தினை வருசம் இருந்தன். இப்ப அவன் உயிரோட இருந்ததைக் கண்ட ஆள் இருக்கு. அவவும் என்ர மகளும் சேர்ந்து ஒரே கடுதாசியில கையெழுத்து வைச்சிருக்கினம். இனி இல்லையெண்டு அவ்வளவு லேசில சொல்லேலாது."

அவன் கிடைத்துவிட்டானா என்றால், இல்லை. இதை எழுதுகிற இன்றைக்கு வரைக்கும் இல்லை. ஆனால் அந்த அம்மா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். தனியாக வருவதில்லை. முகாமில் இருந்து யாரையாவது கூட்டி வருகிறார். ஒருவர் கையில் எரிந்து மிஞ்சிய அரைப் படம், ஒருவரிடம் பள்ளிக்கூட அடையாள அட்டை. நான் இப்போது முதலில் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "இவங்க இப்போ எங்க இருக்காங்க?" கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிடுகிறேன். சிலர் தவறிவிட்டார் என்பார்கள், மாலை போடுவேன். சிலர் தெரியாது என்பார்கள். அவர்கள் முகத்தில் ஒரு மருவைக்கூடத் தொட மாட்டேன்.

அதனால் மகளே, உன் கேள்விக்கு என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். நடக்கும். நாம் கேசரி சாப்பிடுகிற நேரத்திலேயே நடக்கும். செய்கிறவர்கள் முதலில் ஆளை இல்லாமல் ஆக்குவார்கள், பிறகு அப்படி ஒரு ஆளே இல்லை என்பார்கள். அந்த இரண்டாவது வேலைக்குத் தெரியாமலே நானும் ஒரு கை கொடுத்திருந்தேன். ஆனால் அதைத் தடுக்கிறதுக்குப் பெரிய படிப்போ துணிச்சலோ வேண்டும் என்று பயப்படாதே. எங்கள் மூன்று பேரில் ஒருவர் தையல்காரர், ஒருவர் முகாம் கூரைக்குக் கீழே இருப்பவர், நான் பத்தாம் வகுப்பு. உட்கார்ந்து தேடினோம், கிடைத்தது. உன் தம்பிக்கும் இதைச் சொல். பள்ளிக்கூடத்தில் யாரையாவது, அவன் வேற ஆளு, அவனைச் சேர்க்காதே என்று சொன்னால், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த அம்மா புரட்டாசியில் வந்து போன மறுநாள், நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள், உங்கள் அம்மாவும் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நான் கடை திறக்கப் போகாமல் வீட்டில் இருந்தேன். உங்கள் தாத்தா, அதாவது என் அப்பாவின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். நீங்கள் பிறக்கும் முன்பே போனவர். நீங்கள் பார்த்ததெல்லாம் நான் செய்த அந்தப் படம்தான், வழவழவென்று, சினிமாக்காரர் மாதிரி. உண்மையில் அவருக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. நான்தான் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பிரேமின் பின்பக்க ஆணியை நிமிர்த்திப் படத்தை வெளியே எடுத்து, பென்சிலைக் கூராக்கி வைத்துக்கொண்டு, வெகுநேரம் அவரைப் பார்த்தேன். மூக்கு ஓரத்தில் ஒன்று, வலது கன்னத்தில் அடுத்தடுத்து இரண்டு. அந்த மூன்றுதான் எனக்குத் திட்டமாக நினைவிருந்தது. மற்றவை எங்கெங்கே இருந்தன என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. தெரியாததை வரையவில்லை. அந்த மூன்றை மட்டும் வைத்து, கண்ணாடியைத் துடைத்து, படத்தைத் திரும்ப மாட்டினேன்.